கீறல் இருக்கும் பக்கம்

ஜனவரி 8, திங்கள்

ரசாயனம் விற்கிற கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஆய்வகக் குறிப்பேட்டில் புலம்ப முடியாது. அதில் பக்க எண் அச்சிட்டிருக்கும், என் ஆய்வு வழிகாட்டி சம்பூர்ணம் மேடம் வாரம் ஒருமுறை படித்துக் கையெழுத்துப் போடுவார். ஆறாவது வருடமாக பிஎச்.டி. செய்துகொண்டிருப்பவளுக்குப் புலம்ப ஓர் இடம் வேண்டும்.

இன்று புதுக் கண்ணாடிப் பெட்டி வந்தது, எண்பது துண்டு. இந்தக் கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் ஓடும் பூச்சு உண்டு. பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, பூச்சு இருக்கும் பக்கத்தின் மூலையில் வைரப் பேனாவால் ஒரு சின்னக் கீறல் போடுவேன். கீறல் உள்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. முதல் வருடம் நான் பட்ட அவதியில் கொண்டுவந்த வழக்கம் இது. இப்போது வேறு யாரும் மீட்டரைத் தொடுவதே இல்லை. மல்லீஸ்வரி கீறல் என்றால் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

மீட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது. எந்தப் பக்கம் பூச்சு என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறான், அது போதும். எண்பதுக்கும் கீறல் போட்டு, கூட ஆய்வு செய்யும் ஜெசிந்தாவின் அலமாரியில் வைத்தேன். எனக்குப் பழைய பெட்டியிலேயே மிச்சம் இருக்கிறது. கடைவாய்ப் பல் வலிக்கிறது.

ஜனவரி 12, வெள்ளி

கோபியிலிருந்து அம்மா போன். பொங்கலுக்கு வருகிறாயா என்று கேட்டுவிட்டு, அப்படி என்னதான் கண்ணு பண்ணிட்டு இருக்கறே என்றார். ஆறு வருடத்தில் நூறாவது முறை சொன்னேன். இரண்டு வகை பிளாஸ்டிக்கைச் சேர்த்து உருக்கினால் அவை ஒன்றாக இருக்காது, குழம்பில் எண்ணெய் பிரிவது போலத் திட்டுத்திட்டாகப் பிரியும். அந்தப் படலத்தை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, சூடாக்கி, பலமான மின்புலம் கொடுத்தால் திட்டுகள் எல்லாம் தூண் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அப்படி வரிசையாக நிற்கவைத்தால் வடிகட்டியிலிருந்து பேட்டரி வரைக்கும் உபயோகம். அம்மா, நிக்குதா என்று கேட்டார். எனக்கு நிற்கிறது என்றேன்.

ஜெசிந்தா எனக்கு இரண்டு வருடம் ஜூனியர், தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். இந்தக் கலவையில் நானோ துகள் கொஞ்சம் போட்டால், அது இரண்டு பிளாஸ்டிக்குக்கும் நடுவில் எல்லைக்கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும் என்கிறாள். பாதி வோல்ட்டிலேயே தூண் எழும்பும், மின்சாரத்தை நிறுத்தினாலும் சாயாது. முழுக்க அவளுடைய யோசனை. போன மாதம் அவள் போர்டில் படம் போட்டு விளக்கியபோது மேடம் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். என் ஆறு வருடத்தில் ஒரு நாளும் மேடம் நாற்காலியை இழுத்ததில்லை. அதனால் எனக்கு ஒன்றும் இல்லை. சும்மா எழுதுகிறேன்.

ஜனவரி 25, வியாழன்

ஜெசியின் முதல் ஆறு சாம்பிளும் வெறும் திட்டு. ஒரு தூண்கூட இல்லை. துகள் சரியாகக் கலக்கவில்லை போலிருக்கிறது என்று ஆறுதல் சொன்னேன். விடுதியில் தண்ணீர் வரவில்லை. துணி ஊறவைத்தது அப்படியே கிடக்கிறது.

பிப்ரவரி 2, வெள்ளி

மேடம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். எங்களுக்கு உதவித்தொகை தரும் திட்டம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. நீட்டிப்பு ஒருவருக்குத்தான். மார்ச் பதினைந்தாம் தேதிக்குள் யாருடைய வேலை தேறுகிறது என்று பார்த்துப் பெயர் அனுப்புவாராம். அடுத்தவர் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், பார்க்க வழி இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். நான் கடைசி அத்தியாயம் முடிக்க இன்னும் ஒரு வருடம் வேண்டும். ஜெசிக்கு இரண்டு.

வெளியே வந்ததும் அவள், "உங்களுக்குத்தான்க்கா வரணும். நீங்க எவ்வளவு நாளா கெடக்கீங்க" என்றாள். பெருந்தன்மையாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

பிப்ரவரி 14, புதன்

ஜெசி நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தாள். தவக்காலம் தொடங்கிவிட்டதாம், நாற்பது நாள் கறி மீன் கிடையாது. இருபத்திரண்டாவது சாம்பிளும் திட்டு.

என் சாம்பிள் ஒன்று நூற்றெண்பது வோல்ட்டில் சட்டென்று பொறி அடித்துக் கருகிவிட்டது. இது அடிக்கடி நடப்பதுதான். இடைவெளி முடியைவிட மெல்லியது, ஒரு தூசி விழுந்தால் போதும். ஜெசி தன்னுடையதை நானூறு வரைக்கும் ஏற்றியிருக்கிறாள், ஒன்றுகூடக் கருகவில்லை. மாதா காப்பாத்துதாங்க என்று சிரித்தாள்.

பிப்ரவரி 15, வியாழன்

நானூறு வோல்ட்டில் எப்படிக் கருகாமல் இருக்கும்?

பிப்ரவரி 20, செவ்வாய்

பல் டாக்டரிடம் போனேன், வேர் சிகிச்சை வேண்டும் என்றார். வரும் வழியில் கடையில் மீட்டருக்குப் பேட்டரி வாங்கினேன்.

ஜெசி மதியம் சாப்பிடப் போனபோது அவளுடைய பெட்டியைத் திறந்தேன். இருபத்தெட்டுத் துண்டு மிச்சம். முதல் துண்டில் கீறல் இருக்கும் பக்கம் முனையை வைத்தேன். மீட்டர் அசையவில்லை. திருப்பி வைத்தேன். முள் எழும்பியது. அடுத்தது. அதற்கடுத்தது. இருபத்தெட்டும் அப்படித்தான். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அன்று அடிமூடியை மேல்மூடி என்று நினைத்துத் திறந்து, தலைகீழாகக் கீறியிருக்கிறேன்.

அதாவது ஜெசியின் படலத்துக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கண்ணாடியின் முழுக் கனமும் இருந்திருக்கிறது. இயந்திரத்தில் நானூறு என்று காட்டும். முதலை வாய் கிளிப் இரண்டு பக்கத்தையும் கவ்வுவதால் அதிலும் தெரியாது. உள்ளே படலத்துக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. ஒன்றரை மாதமாக அவள் சும்மா சூடு பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மேடம் திருச்சியில் கருத்தரங்கில் இருக்கிறார். வந்ததும் சொல்லிவிடலாம். இருபத்தெட்டையும் இருந்த மாதிரியே அடுக்கி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 21, புதன்

ஜெசியிடமே முதலில் சொல்லலாம் என்று போனேன். துகள்களை ஆறாவது முறை கழுவிக்கொண்டிருந்தாள். கரைப்பான் பட்டு விரல் நுனி எல்லாம் தோல் உரிந்திருந்தது. அந்த நேரத்தில் சொன்னால் உடைந்துபோவாள் என்று தோன்றியது.

பிப்ரவரி 23, வெள்ளி

குழுக் கூட்டம். மேடம் ஜெசியின் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாக ஓட்டினார். கத்தவில்லை, மேடம் கத்தமாட்டார். தட்டச்சு செய்த மாதிரி நிதானமாகப் பேசினார். யோசனை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, கை சுத்தம் வேண்டும், பொறுமை வேண்டும், அது சிலருக்கு வராது என்றார். ஜெசி குறிப்பு எடுப்பது போலக் குனிந்திருந்தாள். பேனா நகரவில்லை.

பிறகு மேடம் என் பக்கம் திரும்பினார். "மல்லீஸ்வரி, கண்ணாடியெல்லாம் நீ செக் பண்ணினதுதானே?"

"ஆமா மேடம்" என்றேன்.

கேட்ட கேள்வி அவ்வளவுதான். மேலே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 24, சனி

நாள் முழுக்க யோசித்தேன். யாரிடமும் எதுவும் சொல்லாமல் அவள் பெட்டியில் என் பழைய கண்ணாடிகளை மாற்றி வைத்துவிட்டால் போதும். அடுத்த சாம்பிளில் தூண் வந்துவிடும். நான் தப்பு செய்ததும் தெரியாது, அவளுக்கும் நல்லது. எவ்வளவு சுலபம்.

ஆனால் பழைய பெட்டியில் பதினான்குதான் இருக்கிறது. என் கடைசி அத்தியாயத்துக்கு அது வேண்டும்.

போர்வை துவைத்தேன். வார்டனிடம் விளக்கு எரியவில்லை என்று எழுதிக்கொடுத்தேன்.

மார்ச் 1, வெள்ளி

ஒன்றும் இல்லை.

மார்ச் 6, புதன்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

காலையில் ஜெசி என் மேஜைக்கு வந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, நோன்புக்கா என்றாள். காலைச் சாப்பாட்டுக்கு நோன்பு இல்லை என்று எனக்கே தெரியும்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் என் பக்கத்துல நின்னு பாருங்களேன். நான் எங்கயோ ஒரு தப்பு பண்ணுதேன். எனக்குத் தெரியல. உங்க கண்ணுக்குத் தெரியும்."

நான்கு மணி நேரம் நின்றேன். நன்றாகத்தான் செய்கிறாள், சொல்லப்போனால் என்னைவிட நன்றாக. கரைசலை வடிகட்டுவதில் அவசரம் இல்லை. படலத்தைச் சுழற்றி எடுத்தபோது ஓர் ஓரத்தில்கூட வரி இல்லை. பிறகு பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துக் கீறலைத் தேடினாள். கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே உள்பக்கமாகக் கவிழ்த்து வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், சரிதானே என்பது போல.

என் நாக்கு நுனியில் இருந்தது. சத்தியமாக இருந்தது. மீட்டர் ஓர் எட்டு தூரத்தில் இருந்தது.

"எல்லாம் சரியாத்தான் பண்றே ஜெசி" என்றேன்.

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தப்பு ஒன்று கிடைத்திருந்தால் திருத்தியிருப்பாள். தப்பே இல்லை என்றால் அவள் எதைத் திருத்துவாள்? எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. உறைத்தது, ஆனால் பேசவில்லை.

முப்பத்தேழாவது சாம்பிள். திட்டு.

மார்ச் 15, வெள்ளி

நீட்டிப்பு எனக்கு.

மேடம் கைகொடுத்தார். விடுதியில் இன்று பாயசம் போட்டார்கள், வேறு எதற்கோ. அம்மாவிடம் சொன்னேன். அழுதார், பிறகு மாடு கன்று போட்ட கதை சொன்னார். ஜெசி ஒரு பாக்கெட் மக்ரூன் வாங்கி வைத்திருந்தாள், ஊர்க்காரர் யாரோ கொண்டுவந்ததாம். பிரித்து எனக்கு ஊட்டிவிட்டாள். வலிக்கிற பக்கம் படாமல் மென்றேன்.

நான் ஏமாற்றவில்லை. என் தூண்கள் என் தூண்கள்தான். அவற்றில் ஒன்றும் பொய் இல்லை.

மார்ச் 27, புதன்

ஜெசி ஈஸ்டருக்கு ஊருக்குப் போகிறாள். திரும்பி வரப்போவதில்லை. ஊரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை வேலை இருக்கிறதாம், ஜூனில் சேர வேண்டும். எழும்பூர் வரைக்கும் நான்தான் கூடப் போனேன். வாளியையும் மின்சாரக் கெட்டிலையும் எனக்குக் கொடுத்துவிட்டாள். ஆய்வகக் குறிப்பேட்டையும் கொடுத்தாள். மேடம் கேட்டா கொடுத்துருங்கக்கா, எனக்கு அதப் பாக்கவே பயமா இருக்கு என்றாள்.

வண்டி கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. நடைமேடையில் அவளுடைய அப்பாவைப் பற்றிப் பேசினாள். அவர் படகை விற்று வேறொருவர் படகில் போகிறாராம். மகள் டாக்டர் ஆகப்போகிறாள் என்று கரை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம், ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்பதையும் சேர்த்தே விளக்குவாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். இருபது நிமிடம் என்பது ஒரு வாக்கியம் சொல்லப் போதுமான நேரம். நான் தண்ணீர் பாட்டில் வாங்கிவரப் போனேன். கடையில் கூட்டம் இல்லை. இருந்தாலும் மெதுவாக வந்தேன்.

ஏப்ரல் 3, புதன்

ஜெசியின் துகள்கள் வீணாக வேண்டாம், நீ ஒருமுறை முயன்று பார் என்று மேடம் சொல்லிவிட்டார். வேண்டாம் மேடம் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 10, புதன்

மேடம் விடவில்லை. புதுக் கண்ணாடி. ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்து இரண்டு தரம் பார்த்தேன். ஜெசி கழுவி வைத்த துகள், ஜெசி எழுதி வைத்த அளவு, ஜெசி எழுதி வைத்த சூடு. அவளுடைய குறிப்பேட்டை வரிக்கு வரி பார்த்துச் செய்தேன். நான் சேர்த்தது எதுவும் இல்லை.

தொண்ணூறு வோல்ட். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். தூண்கள், ஒரே சீராக, ஓரம் வரைக்கும். என் ஆறு வருடத்துத் தூண்கள் இதன் பக்கத்தில் வைக்க லாயக்கில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி சூடு பண்ணினேன். சாயவில்லை. போர்டில் அவள் போட்ட படம் அப்படியே கண்ணாடிக்குள் நின்றது.

மேடத்தைக் கூப்பிட்டேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கைன்னா இது கை" என்றார்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் என்று எழுதலாம். எழுத முடியவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

பல்லைப் பிடுங்கியாயிற்று. சிகிச்சைக்குத் தாமதமாகிவிட்டதாம்.

மே 22, புதன்

கட்டுரை தயார். பெயர் வரிசையில் முதலில் நான், பிறகு மேடம். ஜெசியின் பெயரும் வரட்டும் என்று இரண்டு தரம் சொன்னேன். அவளுடைய முப்பத்தொன்பது சாம்பிளில் எந்தப் படத்தை எடுத்துப் போடுவது என்று மேடம் கேட்டார். நன்றிப் பகுதியில் போடச் சொன்னார். போட்டேன். ‘ஆரம்பகட்ட உதவிக்கு’ என்று.

வெயில் நூற்று ஆறு. குளிர்சாதனம் வேலை செய்யவில்லை.

ஜூன் 19, புதன்

மாலை ஐந்து மணிக்கு ஜெசி போன் செய்தாள். பின்னால் பள்ளிப் பிள்ளைகள் சத்தம். மேடம் சொன்னாராம், தூண் வந்துவிட்டது என்று. உண்மையிலேயே மகிழ்ந்து பேசினாள். துகள் எல்லையில்தான் உட்கார்ந்திருந்ததா, சூடு ஏற்றிய பிறகும் நின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் நீ சொன்ன மாதிரிதான் என்றேன்.

மதுரையில் ஒரு பேராசிரியர் அவளுடைய பழைய விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, வந்து சேர், விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்கிறாராம். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா போ என்கிறாராம். இவளுக்குத்தான் பயம்.

"அதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு. நான் செஞ்ச மாதிரியேதானக்கா செஞ்சீங்க? அதே துகளு, அதே சூடு, அதே கண்ணாடி? எதையாவது மாத்துனீங்களா?"

கட்டுரை போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டேன். அவள் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளி வராந்தாவில் நிற்கிறாள். என்னைத் திட்டக்கூட மாட்டாள், அவளைப் பற்றி எனக்குத் தெரியும். அழுவாள், பிறகு மதுரைக்குப் போவாள்.

"அதேதான் ஜெசி" என்றேன். "ஒண்ணும் மாத்தல."

என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது என்று எழுத மாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன்.

"அப்போ என் கைதான்" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை, ஏதோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. "ஒருவேளை அவசரப்பட்டு விட்டுட்டோமோன்னு மூணு மாசமா மனசு கெடந்து அரிச்சுதுக்கா. இனி இல்ல. மதுரைக்காரருக்கு வரலன்னு சொல்லிருதேன். உங்ககிட்ட கேட்டது நல்லதாப் போச்சு. வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."

ஜூன் 20, வியாழன்

காலை எட்டே காலுக்கு ஜெசியிடமிருந்து வாட்ஸ்ஆப். சொல்லிவிட்டாளாம். கீழே பள்ளி ஆய்வகத்தில் அவள் நிற்கிற படம். பத்தாம் வகுப்புப் பெண்கள் சுற்றி நிற்க, ஒரு பேட்டரியையும் சின்ன பல்பையும் கையில் பிடித்திருக்கிறாள். பல்பு எரிகிறது.